பலகைக்குக் கீழே ஒரு சாண்

கிள்ளானில் தண்ணீர் நின்றுபோனால் என் தம்பியின் ரத்தம் முழுசாகச் சுத்தமாகாது. நேராகவே சொல்லிவிடுகிறேன். இதைச் சுற்றி வளைத்துப் பேசுகிற கூட்டங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு அலுத்துவிட்டது.

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், அவன் டயாலிசிஸ் சென்டரில் கையை நீட்டிப் படுத்திருக்க வேண்டும். அந்த இயந்திரம் தோங் தோங்காக, பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் குடிக்கும். குழாய் வறண்ட நாளில் லோரியில் வரும் தண்ணீரை எல்லாருக்கும் பங்கு வைக்க வேண்டும். அப்போது தாதி வந்து, "இன்னைக்கு ரெண்டரை மணி நேரந்தான் அண்ணே, தண்ணி பத்தல" என்பார். நாங்கள் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர்மேல் தப்பில்லை. அன்றைக்குத் தம்பி கால் வீக்கம் வடியாமலேயே வீட்டுக்கு வருவான். படுத்தால் மூச்சு இழுக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அங்கே எல்லாரிடமும் என்னைப் பற்றிப் பெருமையடித்து வைத்திருக்கிறான். "எங்க அக்காதான் ஆத்துல எவ்ளோ தண்ணி இருக்கும்னு கணக்குப் போடுறவங்க. இன்னும் முப்பது வருஷம் கழிச்சுகூட எவ்ளோ இருக்கும்னு சொல்லிடுவாங்க."

பக்கத்துப் படுக்கை ஆன்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பது வருஷம் கெடக்கட்டும்மா. நாளைக்கு வருமா, அதச் சொல்லு."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நாளைக்கு வருமா என்று எனக்குத் தெரியாது.

பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் நீரியல் பொறியாளராக இருந்தேன். ஓர் ஆற்றில் இதுவரை ஓடிய தண்ணீரின் பதிவை எடுத்துக்கொள்வோம். மழையும் வெயிலும் இனி எப்படி மாறும் என்று காலநிலைக் கணிப்புகள் சொல்வதை அதன்மேல் ஏற்றுவோம். இருபது முப்பது ஆண்டுகள் கழித்து, வறண்ட மாதங்களில் அந்த ஆற்றில் எவ்வளவு மிஞ்சும் என்று மதிப்பிடுவோம். கேட்கப் பெரிய வித்தை போல இருக்கும். ஆனால் சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பழைய பதிவு பொய் சொன்னால், கணினி அந்தப் பொய்யையே முப்பது ஆண்டு முன்னால் தூக்கிக்கொண்டுபோய் வண்ண வண்ணமாகக் காட்டும்.

எங்களிடம் ஆய்வுக்கு வந்த ஆறு, கிள்ளான் பக்கத்துக் குழாய்களுக்குத் தண்ணீர் தரும் ஆறுகளில் ஒன்று. பெயர் வேண்டாம். தண்ணீர் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சேமிப்புக் குளம் வெட்டப்போவதாகப் பல காலமாகப் பேச்சு. ஆறு இளைக்கும்போது குளம் கைகொடுக்கும். அதே நிலத்தில் வரிசை வரிசையாக வீடுகளோடு ஒரு தாமான் எழுப்ப ஒரு நிறுவனம் கண் வைத்திருந்தது. வருங்காலத்திலும் ஆறே போதும் என்று எங்கள் அறிக்கை சொன்னால் அங்கே வீடுகள் வரும். போதாது என்றால் குளம் வரும். தம்பி படுத்திருக்கும் சென்டர் அந்தக் குழாய் வரிசையில்தான் இருந்தது.

முதல் கணக்கில் ஆறு தாராளமாகப் போதும் என்று வந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பழைய வறட்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மழை இல்லாத வாரங்களில் ஆறு இறங்கிக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் சட்டென்று ஏறி, நடுத்தர அளவில் சில வாரங்கள் நின்றது. அந்த வாரங்களில் ஒரு சொட்டு மழை கிடையாது. பக்கத்து ஆறுகளெல்லாம் காய்ந்து கிடந்தன. இது மட்டும் எங்கிருந்து குடித்தது?

அனுமதி வாங்கிக்கொண்டு, ஆற்று மட்டத்தைக் கையால் எழுதி வைத்த மூலப் புத்தகங்கள் இருக்கும் கிடங்குக்குப் போனேன். ஒவ்வொரு மாதப் புத்தகத்தோடும், அதைக் கணினியில் ஏற்றியவர் யார் என்று காட்டும் ஒரு சீட்டைக் குத்தி வைத்திருப்பார்கள். அந்த வறண்ட மாதத்துச் சீட்டில் இருந்தது என் கையெழுத்து.

நின்ற இடத்தில் எண் சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப்போனது.

பல்கலைக்கழகம் முடித்த கையோடு, பிரிக்பீல்ட்ஸில் ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் அதிரும் ஒரு வாடகை அறையில் நான்கு பெண்களோடு இருந்தேன். அப்போது கிடைத்த தற்காலிக வேலை அது. ஆற்றுப் பாலங்களின் தூணில் அளவுகோல் போல ஒரு பலகை அடித்திருக்கும். அதற்கென்று வைத்த ஆள் காலையும் மாலையும் போய், தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். தண்ணீர் பலகைக்கும் கீழே இறங்கிவிட்டால் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். அதுதான் விதி. அந்தப் புத்தகங்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை.

இந்த ஆற்றின் பலகையைப் படித்தவரும் வறண்ட நாட்களில் கட்டத்தைக் காலியாகத்தான் விட்டிருந்தார். ஆனால் பக்கத்தில், குறிப்பு எழுதும் இடத்தில், பென்சிலால் தமிழில் எழுதியிருந்தார். "பலகைக்குக் கீழே ஒரு சாண் நாலு விரல்." அடுத்த நாள், "ஒரு சாண் ஆறு விரல்." ஒரு வாரம் கழித்து, "ரெண்டு சாண். மணல் தெரியுது."

எங்கள் வேலை அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், இந்த ஆள் என்ன கவிதை எழுதுகிறானா என்று. மேற்பார்வையாளர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சாண், விரல் என்று சொன்னால் நம் ஆட்களைப் பட்டிக்காடு என்று நினைப்பார்களே என்று எனக்குக் கூசியது. பட்டம் வாங்கி வந்த மிடுக்கு வேறு. "ஒண்ணுமில்ல, சும்மா புலம்பியிருக்காரு" என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டு நானும் சிரித்தேன். எண் இல்லையென்றால் 'விடுபட்டது' என்று போடு என்றார் அவர். போட்டேன்.

விடுபட்ட நாட்களைப் பிற்பாடு யாரோ மற்ற ஆண்டுகளின் சராசரியால் நிரப்பினார்கள். பரீட்சைக்கு வராத பிள்ளைக்கு வகுப்பின் சராசரி மார்க்கைப் போட்டுப் பாஸாக்குகிற மாதிரி. ஆறு செத்துக் கிடந்த நாட்களெல்லாம் இப்படித்தான் சாதாரண நாட்களாயின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று எத்தனையோ அறிக்கைகளைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன். இங்கே சோற்றை அள்ளிப் போட்டு மூடியவள் நானே.

அலுவலகத்துக்கு வந்து பாஸிடம் சொன்னேன். அவரும் நம்ம ஆள்தான். வெளியே ஆங்கிலம், அறைக்குள் தமிழ்.

"இத்தன வருஷமா எல்லாரும் இந்த டேட்டாவத்தான் யூஸ் பண்றாங்க. உனக்கு மட்டும் ஏன் உறுத்துது?"

"தப்புன்னு தெரிஞ்சிருச்சு பாஸ். பண்ணதும் நான்தான்."

"அப்ப பேசாம இரு லா. யாருக்குத் தெரியப்போவுது?"

"அவர் அளந்துதான் எழுதியிருக்காரு. அத எடுத்து மறுபடியும் கணக்குப் போடலாம்."

பாஸ் சிரித்தார். "சாணு, வெரலு. இத ரிப்போர்ட்ல போட்டா மீட்டிங்ல நம்மளப் பாத்து சிரிப்பாங்க. அந்த ஆளோட சாண் எத்தன சென்டிமீட்டர்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. போய் அளந்துட்டு வரேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று முதலில் நினைத்தார். என் முகத்தைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டார். "இங்க பாரு. உன் தம்பி விஷயத்த ஆபீஸுக்குள்ள கொண்டு வராத."

தம்பி விஷயம் ஆபீஸுக்குள் வரக்கூடாதாம். தாமான் கட்டப் போகிறவர் மட்டும் வாரம் தவறாமல் வந்து, பாஸ் அறையில் காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். அவருக்கு என்றைக்காவது ரெண்டரை மணி நேரத்தில் ஊசியைக் கழற்றியிருக்கிறார்களா? கழற்றினால் தெரியும், ஆறு போதுமா போதாதா என்று.

ஆற்றுப் பலகையைப் படித்தவரைத் தேடிப் பிடிக்க இரண்டு வாரம் ஆனது. ஓய்வு பெற்று, காஜாங்கில் மகள் வீட்டில் இருந்தார். மகள்தான் கதவைத் திறந்தார். உள்ளே பெரியவர் டிவியில் பேட்மிண்டன் ஆட்டத்தைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஆத்துத் தண்ணி விஷயமா ஒருத்தங்க வந்திருக்காங்க."

"இப்பதான் ஞாபகம் வந்துச்சா அவனுங்களுக்கு?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

புத்தகத்தின் நகலைக் காட்டினேன். வாங்கித் தூர நீட்டிப் படித்தார். அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. "டேப் கேட்டு மூணு வாட்டி லெட்டர் போட்டேன். குடுக்கல. கை இருந்துச்சு, அளந்தேன்."

பலகையின் அடியிலிருந்து தண்ணீர் தொடும் இடம்வரை, தூணோடு தூணாகச் சாண் வைத்து இறங்கி அளந்திருக்கிறார். அதற்காகத் தினமும் சேற்றில் இறங்கியிருக்கிறார்.

"பலக தெரியலன்னா எழுத வேணாம்னுதானே ரூலு, அங்கிள்?"

"எழுதாம விட்டா நான் வேலைக்கே போவலன்னு நெனச்சுக்குவானுங்க. ஏன், வெள்ளம் வந்தாத்தான் ஆறா? காஞ்சா ஆறு இல்லையா?"

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். வலது கையைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து வைத்தார். இரும்பு ஸ்கேலை வைத்துச் சாணை அளந்தேன், பிறகு ஒவ்வொரு விரலின் அகலத்தையும் அளந்தேன். கையை எடுத்து மறுபடி விரிக்கச் சொல்லி மறுபடி அளந்தேன். ஒரு தாளில் பென்சிலால் சுற்றி வரைந்தும் கொண்டேன். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே அளவுதான் வந்தது. எத்தனையோ நவீனக் கருவிகள் எனக்கு இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

"என்னா, கைக்குச் சட்ட தைக்கப் போறியா?" என்றார். மகள் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி கலக்கப் போனார்.

பெரியவர் இடது கையால் நகலை மறுபடி எடுத்துப் பார்த்தார். "இத கம்ப்யூட்டர்ல ஏத்துனது யாரு? தமிழ் படிக்கத் தெரியாத புள்ளையா இருக்கும். பாவம், அது என்னா செய்யும்."

அப்படியே விட்டிருக்கலாம். அவரே எனக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டார், நுழைந்து தப்பித்திருக்கலாம். ஆனால் என் விரல் அப்போது அவர் விரல்மேல் இருந்தது.

"நான்தான் அங்கிள்."

டிவியை நிறுத்தினார். "உனக்கு அப்போ தமிழ் தெரியாதா?"

"தெரியும்."

"படிச்சியா?"

"படிச்சேன். ஒண்ணுமில்ல, புலம்பியிருக்காருன்னு சொல்லிட்டேன்."

கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தேத்தண்ணி வந்தது. குடி என்று அவர் சொல்லவில்லை. நானும் தொடவில்லை. மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெரியவர் நகலை மடித்து என் பக்கம் தள்ளி, "அளந்து முடிச்சாச்சா?" என்றார்.

"இன்னும் ஒரு வாட்டி இருக்கு."

"அளந்து தொல," என்று கையை மறுபடி விரித்து வைத்தார்.

திரும்பி வந்து பழைய குறிப்புகளையெல்லாம் சென்டிமீட்டராக மாற்றினேன். வயதானால் கை கொஞ்சம் சுருங்கியிருக்கும் என்று இரண்டு பக்கமும் இடம் விட்டுத்தான் கணக்குப் போட்டேன். ஆற்றின் படுகை அளவுகள் கையில் இருந்ததால், மட்டம் தெரிந்ததும் ஓட்டமும் தெரிந்தது. வரைபடத்தில் அந்தப் போலி மேடு மறைந்தது. ஆறு இறங்கி, இறங்கி, கிட்டத்தட்ட நூலாகிப்போயிருந்தது. இதன்மேல் வருங்காலத்து வெயிலை ஏற்றினால் சந்தேகத்துக்கே இடமில்லை. இனி வறட்சி நீளும்; நீண்டால் இந்த ஆறு தனியாகத் தாங்காது; குளம் வேண்டும். அறிக்கையில் அப்படியே எழுதினேன். யாருடைய கை, எப்படி அளந்தது, பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் எழுதினேன். எண்ணுக்குப் பதிலாக 'விடுபட்டது' என்று போட்டது நான்தான் என்பதையும் எழுதினேன்.

பாஸ் படித்தார். தலையசைத்து இழுப்பறையில் வைத்துக்கொண்டார். அதில்தான் ஏமாந்துபோனேன்.

முடிவெடுக்கும் குழுவின் கூட்டம் நடந்தது. பல்லைக் கிட்டிக்க வைக்கும் ஏர்கோன், தட்டில் கறிபஃப். பாஸ் எழுந்து திரையில் படம் போட்டார். அது என் வரைபடம் இல்லை. அந்த மேட்டோடு, அழகாக, பழைய வரைபடம். ஆறு போதும் என்று கீழே பெரிய எழுத்தில் இருந்தது.

எழுந்து நின்றேன். புத்தகத்தின் நகல்களையும் கையின் படத்தையும் எல்லாரும் டத்தோ என்று அழைக்கும் தலைவரிடம் நீட்டினேன். உட்காரச் சொல்லி பாஸ் என் சட்டை நுனியை இழுத்தார். தலைவர் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மேசையின் கோடியில் இருந்த ஓர் அதிகாரிக்கு அதை நகர்த்தி, என்ன எழுதியிருக்கிறது என்று மலாயில் கேட்டார். அந்த அதிகாரி தமிழ்ப் பெண், என்னைவிடப் பத்து வயது குறைவாக இருப்பார்.

அவர் படித்தார். உதடு லேசாக அசைந்ததைப் பார்த்தேன். கடைசி வரிவரைக்கும் படித்தார். பிறகு சுற்றியிருந்தவர்களைப் பார்த்து ஒரு கூச்சச் சிரிப்பு சிரித்தார்.

"ஒண்ணுமில்ல டத்தோ. சும்மா குறிப்புகள்தான்."

அதே சிரிப்பு. அதே வார்த்தை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யார்மேல் என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம். போய் அவர் முன்னாலிருந்து தாளை எடுத்தேன். உரக்கப் படித்தேன். முதலில் தமிழில், பிறகு மலாயில். பலகைக்குக் கீழே ஒரு சாண் நாலு விரல். ஒரு சாண் ஆறு விரல். முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. தேதி, நேரம், சாண், விரல் என்று பக்கம் பக்கமாகப் படித்தேன். "ரெண்டு சாண். மணல் தெரியுது" என்ற இடத்துக்கு வந்தபோது யாரும் கறிபஃபைத் தொடவில்லை. "இத முதன்முதல்ல ஒண்ணுமில்லன்னு சொன்னது நான்தான்," என்றேன். "அதனாலதான் அந்தப் படத்துல மேடு இருக்கு."

தலைவர் பாஸைப் பார்த்தார். பாஸ் தன் தண்ணீர் போத்தலைப் பார்த்தார்.

குழு முடிவு சொன்னது. குளத் திட்டத்தை ஏற்கவில்லை, தள்ளவும் இல்லை. ஒருவருடைய கை ஆதாரமாக வருவதால், அந்தக் கையை அதிகாரிகள் முன்னிலையில், சாட்சியோடு, மறுபடி அளந்து சான்றிதழ் தர வேண்டும். அதன் பிறகுதான் குளமா வீடா என்று பேச்சு.

லிஃப்டில் பாஸ், "திருப்தியா? சாண் ஏறினா மொழம் சறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க," என்றார். சறுக்கியது யார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் அந்த வேலையை விட்டேன், அது வேறு கதை. அந்தத் தமிழ் அதிகாரி கார் நிறுத்துமிடத்தில் ஓடி வந்தார். "சாரிக்கா. அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல." நான் அவரைத் திட்டியிருக்க வேண்டும். திட்ட எனக்கு என்ன தகுதி? "அடுத்த வாட்டி அப்படியே படி," என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரமே மறுபடி தண்ணீர் நின்றது, கிள்ளானில் தொடங்கிக் கிள்ளான் பள்ளத்தாக்கு வட்டாரம் முழுக்க. சென்டரில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி, பெரியவருக்குப் போன் போட்டேன். தம்பி கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். கை அளக்க மூன்று பேர் வருவார்கள், எந்த நாள் வசதி என்று கேட்டேன்.

"கைய அளக்க மூணு பேரா? டேப் குடுக்க ஒருத்தன் வரல அப்போ."

"கோவப்படாதீங்க அங்கிள். இது முடிஞ்சாத்தான் குளத்தப் பத்திப் பேசுவாங்க."

"சரி, வரச் சொல்லு. பெரிய மனுசங்க வராங்க, கையக் கழுவி வெச்சிருக்கணும்ல? பைப்புல தண்ணி வந்தப்புறம் வரச் சொல்லு. மூணு நாளா இங்கயும் இல்ல," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

தம்பி குலுங்கிச் சிரித்தான். கையை ஆட்டாதே என்று நான் அதட்டினேன். அதற்குள் மிஸ்ஸி வந்துவிட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. ரெண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு, கழற்றுவதற்கு வசதியாகக் கையை அவர் பக்கம் விரித்து வைத்தான்.